ஆக்ஸ்போர்டில் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம்: பார்த்தவர்கள் சொன்னது

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் போய், டைனோசர் எலும்புக்கூடுகளைத் தாண்டினால் பின்சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், உலகெங்கும் மனிதர்கள் செய்து பயன்படுத்திய பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிட் ரிவர்ஸ். இரண்டுக்குமே கட்டணம் கிடையாது. முன்பக்கம் கண்ணாடிக் கூரையும் வெளிச்சமுமாக இருக்கும். உள்ளே கால் வைத்ததும் மங்கலாகிவிடும். துணியும் இறகும் தோலும் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று விளக்கைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள்.

நான் எதிர்பார்த்தது ஆப்பிரிக்கா ஓர் அறை, ஆசியா ஓர் அறை என்ற பிரிப்பை. இங்கே பொருள்கள் வகைவாரியாக இருக்கின்றன. எங்கிருந்து வந்த விளக்கானாலும் விளக்குகளோடு. பூட்டுகள் தனியே, முகமூடிகள் தனியே, படகுகள் தலைக்கு மேலே. 1884இல் பிட் ரிவர்ஸ் என்ற ராணுவ ஜெனரல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மானுடவியல் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று. எட்வர்ட் டைலர் என்ற மானுடவியலாளர் அப்படி வந்தவர்தான். ராணுவத் துப்பாக்கிகள் படிப்படியாகத் திருந்தியதை ஆராய்ந்த ஜெனரல், மனிதப் பண்பாடும் எளியதிலிருந்து சிக்கலானதுக்கு ஏணிப்படி போல ஏறியது என்று நம்பினார். அந்த ஏணியின் உச்சியில் யாரை வைத்திருப்பார் என்று சொல்லவே வேண்டாம். அந்தக் கருத்தை மானுடவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. அடுக்கிய முறை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆனால் அதே முறை அவர் நினைத்ததற்கு நேர்மாறாகவும் வேலை செய்கிறது. தாயத்து, மாந்திரீகப் பொருள்களுக்கு நடுவே ஆங்கிலேயர்களுடையவையும் இருக்கின்றன. சாமர்செட்டில் ஒரு மதுக்கடைப் புகைபோக்கியில் 1872இல் கிடைத்த வெங்காயம் ஒன்று: மதுவிலக்குக்காகப் பேசிய ஒருவரின் பெயரைத் தாளில் எழுதி, அவருக்குக் கேடு வரட்டும் என்று அந்த வெங்காயத்தில் ஊசியால் குத்தியிருக்கிறார்கள். சசெக்ஸ் பக்கம் ஹோவ் என்ற ஊரிலிருந்து வந்த வெள்ளிப் பூச்சுள்ள ஒரு சிறு கண்ணாடிப் புட்டியும் உண்டு. உள்ளே சூனியக்காரி அடைபட்டிருக்கிறாள், திறந்தால் தொல்லை வரும் என்று எச்சரித்துத்தான் ஒரு மூதாட்டி அதைக் கொடுத்தாராம். இவற்றைப் பார்த்த பிறகு 'நாகரிகமானவர்', 'பழங்குடி' என்ற பிரிவினையை என்னால் பழையபடி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

—

நீங்கள் சொல்லும் அந்த வகைவாரி அடுக்கு எனக்கும் பிடித்தது. ஆனால் என்னை அதிகம் உறுத்தியது லேபிள்கள். பொடி எழுத்தில் கையால் எழுதிய பழைய சீட்டுகள், பல பொருள்களில் நூலால் கட்டியோ ஒட்டியோ இருக்கின்றன. அழகான வேலை, மறுக்கவில்லை. சேகரித்தவர் பெயர், ஆண்டு, இடம் எல்லாம் இருக்கும்; செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஒரு கூடையை முடைந்த கை யாருடையது என்று கேட்டால் அந்தச் சீட்டில் பதில் இல்லை.

இன்னொன்று, ஒரு காலத்தில் இந்த இடத்துக்குப் பேர் வாங்கித் தந்தவை சுருக்கிய மனிதத் தலைகள். தென் அமெரிக்காவின் ஷுவார், அச்சுவார் மக்களிடமிருந்து வந்தவை. 2020இல் அவற்றையும் சேர்த்து 120 மனித உடற்பாகங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தோம் என்ற விளக்கத்தையும் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்து ஏமாந்துபோகிறவர்கள் இருக்கலாம். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. அவை ஒரு குடும்பத்தின் முன்னோர்.

இது நமக்கும் தூரத்து விஷயம் இல்லை. நாகா மலைகளில் ஆங்கிலேய அதிகாரிகளாக இருந்த ஹட்டனும் மில்ஸும் அனுப்பியவை இங்கே ஏராளம். முன்னோரின் எச்சங்களைத் திரும்பக் கொண்டுபோவது பற்றி நாகா நல்லிணக்க மன்றம் அருங்காட்சியகத்தோடு பேசிவருகிறது. நாகாலாந்தில் இதற்காக ஊர் ஊராகக் கருத்துக் கேட்கிறார்கள். அவசரப்படாமல் இப்படிச் செய்வதுதான் முறை.

—

உள்ளே எதிரே உயர்ந்து நிற்கும் மரக் கம்பத்தை இரண்டு பேருமே சொல்லவில்லையே! கனடாவின் ஹைடா மக்களுடையது, செடார் மரம், 11 மீட்டருக்கும் மேல், 1901இல் வந்து சேர்ந்தது. கீழே நின்று பார்த்துவிட்டு அப்புறம் மாடிக்கு ஏறிப் பாருங்கள். மேலே செதுக்கியிருக்கும் முகங்கள் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

அதே ஹைடா மக்களின் பழைய மரப்பெட்டி ஒன்றும் இவர்களிடம் உண்டு. ஒரே பலகையை நீராவியில் வளைத்து நான்கு பக்கமும் ஆக்கியிருப்பார்கள். 2014இல் குவாய், ஜாலன் ஈடன்ஷா என்ற ஹைடா சிற்பிகள், அண்ணன் தம்பி, ஆக்ஸ்போர்டுக்கே வந்து அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து இன்னொன்று செதுக்கினார்கள். பொருள் அடைபட்டிருந்தாலும் அதைச் செய்யும் வித்தை இப்படி ஊர் திரும்பியது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மூலப்பெட்டி இன்னும் ஆக்ஸ்போர்டில்தான் இருக்கிறது என்பதையும் மறக்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு: பேழைகளுக்குக் கீழே இழுப்பறைகள் இருக்கும், திறந்து பார்க்கலாம், பலர் கவனிப்பதே இல்லை. பொடி எழுத்துச் சீட்டுகளைப் படிக்கச் சின்ன டார்ச் உதவும். திங்கட்கிழமை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கிறார்கள், மற்ற நாள்களில் காலை 10 மணி. முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க முயல வேண்டாம். ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்.