இசட் எச் போட்டா ழ வந்திடுமா?

சிப்புட் அம்மா:
மலேசியாவுல சுங்கை சிப்புட்டுல இருக்கோம். மகள் பேரு யாழினி. இங்கிலீஷ் எழுத்துல பேரைப் பதியறப்ப ழ-வுக்கு இசட் எச்தான் போடணும்னு ஒத்தைக் காலில் நின்னது நான். ரெண்டாவது மாச ஊசிக்குப் போன அன்னைக்கு நர்ஸ் மிஸ்ஸி வாசல்ல நின்னு "யஸ்ஹினி, யஸ்ஹினி"ன்னு கூப்பிடறாங்க. யாரு பெத்த பிள்ளையோன்னு நானும் சுத்திமுத்திப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கடைசியில "அனாக் பெரெம்புவான்"னு, அதான் மலாய்ல மகள்னு, சொல்லி வீட்டுக்காரர் பேரையும் சேர்த்தப்பதான் பதறி எழுந்தேன்.

மாமியாருக்கு ஒரே சிரிப்பு. அவங்க ஐசியில, அதான் அடையாள அட்டையில, லெட்சுமி: எல், ஈ, டி, சி, எச், கடைசியில யு எம் ஒய். தோட்டத்து ஸ்பெல்லிங்னு நாங்க கேலி பண்ணுவோம். ஆனா அந்தக் காலத்துக் கிராணி, அதான் தோட்டத்து கிளார்க், காதுல விழுந்ததை அப்படியே எழுதிட்டார். மலாய்க்காரர் வாசிச்சாலும் சீனர் வாசிச்சாலும் லெட்சுமி லெட்சுமியாத்தான் வெளிய வருது. நான் எழுதினது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

பாகான் அப்பா:
உங்களுக்கு ஒரு எழுத்து சிஸ். என் மகன் தஷ்வினுக்கு எண்கணிதக்காரர் கூட்டிப் பார்த்து, டி-க்குப் பின்னால ஒரு எச், கூட ஒரு ஏ, கடைசியில ரெண்டு என், மொத்தம் பத்தெழுத்து ஆக்கிக் கொடுத்தார். அப்பல்லாம் சூராட் பெரானாக், அதான் பிறப்புப் பத்திரம், எடுக்க 60 நாள் கெடு. அதுல பாதி நாள் அவர் வீட்டுக்கு அலைஞ்சதிலேயே போச்சு. இப்ப ஸ்கூல்ல மலாய் டீச்சர் 'டஹாஷ்வின்'னு வாசிக்கிறார். தப்பு அவர் மேல இல்ல, மலாய்ல எழுத்துக்கு எழுத்து வாசிச்சுத்தான் பழக்கம். பந்து விளையாடற பசங்க அதையும் சுருக்கி 'டஹா' ஆக்கிட்டாங்க. மனைவி முன்னாடி யாரும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது!

கிராணி மகள்:
சி எழுத்துக் கதை தெரியுமா? 1972-ல மலாய் எழுத்துக்கூட்டலை மாத்தினப்ப 'ச்'சுக்கு இருந்த சி எச் போய் வெறும் சி வந்தது. ஊர்ப் பேர்ல இன்னும் பழசு மிச்சம் இருக்கு, சங்காட் ஜெரிங் போர்டைப் பாருங்க. எங்க பெரியக்கா சந்திராவுக்கு அப்பா சி எச் போட்டார். அதுக்கப்புறம் பிறந்த எனக்கு, சாருமதிக்கு, வெறும் சி. மலாய் டீச்சருங்க எல்லாரும் சரியா 'சாருமதி'ன்னு கூப்பிட்டாங்க. வேலைக்குப் போன இடத்துல, கோலாலம்பூர்ல வளர்ந்த நம்ம தமிழ்ப் பையன்தான் இங்கிலீஷ் பழக்கத்துல 'காருமதி அக்கா'ன்னான். நாலு வருஷம் நான் காருதான்.

அதே மாதிரி இந்த 'த'. டி-யோட எச் சேர்க்கலைன்னா 'ட' ஆயிடும்னு நாம பயப்படறோம். மலாய்க்காரர் வாய்ல வெறும் டி-யே கிட்டத்தட்ட நம்ம 'த' மாதிரிதான். தைப்பிங், தாப்பான்னு நாமே தமிழ்ல எழுதறோமே, அதுல எச் எங்க இருக்கு?

தம்பி ஒருத்தன்:
என் அக்கா மகள் நேத்ரா. மலாய்ல ஈ எழுத்துக்கு ரெண்டு சத்தம் இருக்கே. பாதிப் பேர் 'நத்ரா'ங்கறாங்க. அவ திருத்தறதையே விட்டுட்டா.

சிப்புட் அம்மா:
அடுத்த மாசம் எனக்கு ரெண்டாவது. ஆம்பளைப் பிள்ளைன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. நாலு பேரைத் துண்டுக் காகிதத்துல எழுதி வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தேன். மனுஷன் அதை எடுத்துக்கிட்டு நேரா சீனர் மளிகைக்கடைக்குப் போய் "அங்கிள், இதைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க"ன்னார். பக்கத்துல நாசி லெமாக் சோறு விக்கிற மலாய்க்கார மக்சிக்கிட்டயும் நீட்டியிருக்கார். கவின் மட்டும்தான் ரெண்டு பேர் வாய்லயும் கவினாவே வந்தது. இளமாறன் என்ன ஆனார்னு கேக்காதீங்க.