மலையில் இருப்பவர்களுக்கும் மனப்பதற்றம் உண்டு: எதைச் செய்து சமாளிக்கிறீர்கள்?

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி:
கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எப்போது போன் செய்தாலும் ஒரே பேச்சுதான். "உனக்கென்னக்கா, குளுகுளுன்னு மலையில இருக்கீங்க, டென்ஷனே இருக்காது." ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிப் பார்க்கட்டும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்றைக்கும் தகரக் கூரையில் மழை வலுத்தால் தூக்கம் போய்விடும். அதோடு பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரியில் இந்த மாதம் என்ன விலை போடுவார்களோ என்ற கவலை வேறு.

அரசு மருத்துவமனையில் ஒரு மனநல ஆலோசகர் சொல்லிக் கொடுத்ததைத்தான் இப்போதும் செய்கிறேன். கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரு நேரம். எனக்கு சாயங்காலம் ஆறு மணி, கால் மணி நேரம். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் என்னால் செய்ய முடிந்தது, வலது பக்கம் என் கையில் இல்லாதது. நேற்று இடது பக்கத்தில் "பின்பக்கக் கால்வாயில் சருகு அடைத்திருக்கிறது, காலையில் எடுக்க வேண்டும்" என்று எழுதினேன். வலது பக்கத்தில் "கொழுந்து விலை" மட்டும். ராத்திரி மனசு மறுபடி ஆரம்பித்தால், "நாளைக்கு ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொள்வேன். முதலில் கேட்காது. விடாமல் செய்தால் கேட்க ஆரம்பிக்கும்.

ஒன்று மட்டும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சுவரிலோ தரையிலோ புதிதாக விரிசல், மரமோ கம்பமோ சாய்வது, திடீரென்று கலங்கல் தண்ணீர் ஊறுவது, இதெல்லாம் நோட்டில் எழுதிவைக்கும் விஷயம் இல்லை. உடனே வீட்டை விட்டு வெளியேறி விடுங்கள்.

குன்னூர், வேன் ஓட்டுநர்:
அக்கா, நான் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டுகிறேன். பர்லியாருக்கு மேலே, மூடுபனியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் திரும்பும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றும் இல்லை, பதற்றத் தாக்குதல்தான் என்றார் டாக்டர். நெஞ்சு வலி வந்தால் நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள், முதலில் போய்க் காட்டுங்கள்.

அவர் விளக்கியதில் எனக்குப் புதிதாக இருந்தது இதுதான். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. விரல் மரப்பதும், உதடு குறுகுறுப்பதும், தலை சுற்றுவதும் அதனால்தான். பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா இழுத்து மூச்சு விடு" என்பார்கள். அப்படி இழுத்து இழுத்து விட்டால் இன்னும் மோசமாகும். இழுப்பதைவிட விடுவதை நீட்ட வேண்டும். மனசுக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கு வழியாக இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவேன். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும்.

இப்போதெல்லாம் அறிகுறி தெரிந்ததுமே வண்டியை இடம் பார்த்து ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டுவிடுவேன். ஸ்டியரிங்கை ஒரு தடவை இறுக்கிப் பிடித்து, பிறகு கையைத் தளர்த்துவேன். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்வேன்: சில்வர் ஓக், மைல்கல், குரங்கு, மங்குஸ்தான் விற்கும் கடை. உச்சத்துக்குப் போன பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் இறங்க ஆரம்பித்துவிடும். அது தெரிந்திருப்பதே எனக்குப் பெரிய தைரியம். பயணிகளிடமும் மறைப்பதில்லை. "அஞ்சு நிமிஷம் நிறுத்திக்கிறேங்க" என்றால் யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது.

கொடைக்கானல், விடுதி ஊழியர்:
சித்திரை, வைகாசி சீசனில் எங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. 2024 மே மாதம் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து அதைப் பற்றிய கேள்விகளும் சேர்ந்துகொண்டன. எனக்கு நடைதான் மருந்து. 1863-இல் வெட்டிய நம் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். குதிரைக்காரர்களும் சைக்கிள் கடைகளும் வருவதற்கு முன்பே, போனை அறையில் வைத்துவிட்டு ஒரு சுற்று.

அப்புறம் காபி. ஒரு டம்ளர் குடித்தால் அதிலுள்ள காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படபடப்பு உள்ளவர்களுக்கு அது படபடப்பைக் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும். மத்தியானத்துக்கு மேல் நான் தொடுவதில்லை. இந்தக் குளிரில் எப்படி என்று கேட்பீர்கள். சுக்கு மல்லி போட்ட வெந்நீர் போதும், கை சூடாக ஒரு டம்ளர் இருந்தால் சரி.

ஊட்டி, கல்லூரி மாணவி:
மேலே சொன்ன எதுவும் எனக்கு உதவாத நாட்கள் இருந்தன. சாப்பாடு இறங்காது, வகுப்புக்குப் போக முடியாது, அழுகை வரும். அப்போது 14416-க்கு அழைத்தேன். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பேசியவர் அவசரப்படுத்தவே இல்லை. எங்கே போய் யாரைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். இப்போது மருத்துவரிடம் தொடர்ந்து போகிறேன், மாத்திரையும் எடுக்கிறேன். வீட்டில் முதலில் பயந்தார்கள், இப்போது அம்மாவே கூட வருகிறார்.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி:
நல்லா இரும்மா. தம்பி, அந்த நான்கு, ஆறு கணக்கை நேற்று ராத்திரி மழையில் செய்து பார்த்தேன். ஆறு வரை என்னால் நீட்ட முடியவில்லை, ஐந்தோடு நின்றுவிடுகிறது. மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விட்டால் போதுமா?

குன்னூர், வேன் ஓட்டுநர்:
தாராளமாக அக்கா. எண்ணிக்கை முக்கியமில்லை, விடும் மூச்சு நீளமாக இருந்தால் சரி. படுத்துக்கொண்டு செய்யுங்கள், வயிற்றின் மேல் ஒரு கை வைத்துக்கொண்டால் இன்னும் சுலபமாக வரும்.