கதவைத் திறந்தால் ஹார்னஸ் (வயர்க் கட்டு) நீளம் போதவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒரு கன்ட்ரோல் பாக்ஸின் அசெம்ப்ளியை சாலிட்வொர்க்ஸ் 3டி வடிவமைப்பு மென்பொருளில் முடித்துவிட்டேன், எந்த வயர் எந்தப் பின்னிலிருந்து எந்தப் பின்னுக்குப் போகிறது என்ற எக்செல் பட்டியலையும் அதன் ரூட்டிங் (வயர் பாதை வரையும்) பகுதியில் ஏற்றி, கனெக்டர்களுக்கு சி-பாயின்ட்டும் (வயர் இணையும் புள்ளி) வைத்தாயிற்று. சிக்கல் கீல் பக்கம்தான். கதவு மூடியிருக்கும்போது எடுத்த நீளம் திறந்தால் போதவில்லை. முதல் மாதிரியில் வயர் கனெக்டரின் பின்னால் விறைத்து நின்று, ஒரு கிரிம்ப் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்திய உலோக முனை) கழன்றே வந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது மனசே கேட்கவில்லை. திறந்த நிலையில் ரூட் போட்டு, மூடிய நிலையைத் தனி கான்ஃபிகரேஷனாக (அதே மாடலின் இன்னொரு வடிவமாக) வைக்கலாமா? நீளம் மாறக்கூடாது, வளைவு ஆரமும் குறையக்கூடாது. அப்புறம், ஃபார்ம்போர்டு வரைபடத்துக்கு (ஹார்னஸைப் பலகையில் பரப்பிக் கட்டுவதற்கான படம்) ஃப்ளாட்டன் செய்யும், அதாவது தட்டையாக விரிக்கும் முன்பே ஸ்லாக் (கூடுதல் தளர்வு நீளம்) சேர்த்துவிடுவீர்களா, பிறகா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.