ஹைடெக்கர் சொல்ற ‘உலகம்’ எது? எல்லாப் பொருளையும் கூட்டினா வர்றதா?

மொட்டைமாடி:
ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரோட ‘பீயிங் அண்ட் டைம்’ (1927) புத்தகத்தை எடுத்து மூணு வாரமாச்சு, 14ஆவது செக்‌ஷன்ல மாட்டிக்கிட்டேன். உலகம்னா இருக்கற எல்லாத்தையும் சேர்த்த மொத்தம்னு நெனச்சிட்டிருந்தேன், இவரு அது இல்லைங்கறாரு, சரி நம்ம மனசுக்குள்ள ஓடுற படமான்னு பாத்தா அதுவும் இல்லையாம். அப்ப என்னதாங்க அது?

தச்சன்மகன்:
அடுத்து சுத்தியல் வரும், அதுவரைக்கும் பொறுங்க ப்ரோ. ஆணி அடிக்கறப்ப சுத்தியலை யாரும் பாக்கறதில்ல, ஆணி பலகைக்கு, பலகை கூரைக்கு, கூரை மழைக்கு ஒதுங்கறவனுக்குன்னு ஒண்ணுல ஒண்ணு கோத்துக்கிட்டே போகுது. சுத்தியலோட தலை கழண்டு ஆடி வேலை நின்னாதான் அந்தக் கோர்வையே லேசா கண்ணுல படும். அதைத்தான் உலகம்ங்கறாரு. ‘அவன் சினிமா உலகத்துல இருக்கான்’னு சொல்றோமே, கேமராவையும் லைட்டையும் எண்ணிப் பாத்தா சொல்றோம்?

பின்பெஞ்ச்:
ஹைடெக்கரோட குருநாதர் ஹுஸ்ஸர்லை விட்டுட்டீங்களே. மேஜையோட முன்பக்கம்தான் தெரியுது, ஆனா பின்பக்கம் இருக்கும், அதுக்குப் பின்னாடி சுவர், வெளிய தெருன்னு பார்வையோடயே ஒட்டி வருதில்ல, அந்தத் தொடுவானம்தான் அவருக்கு உலகம். ஆனா 1913ல ‘ஐடியாஸ்’ங்கற புத்தகத்துல உலகமே அழிஞ்சாலும் பிரக்ஞை மிஞ்சும்னு எழுதினாரு பாருங்க, சிஷ்யன் முறுக்கிக்கிட்டது அங்கதான். உலகத்துல இல்லாத ‘நான்’னு ஒண்ணு ஏதுன்னு.

தேன்கூடு:
எல்லாம் சரி, எனக்கு உறுத்தறது 1929-30ல ஹைடெக்கர் பிரைபர்க் யுனிவர்சிட்டில எடுத்த வகுப்பு. கல்லுக்கு உலகமே இல்ல, மிருகத்துக்கு உலகம் வறுமை, மனுஷன் உலகத்தை ஆக்கறவன்னு மூணாப் பிரிச்சாரு. சாட்சிக்கு ஒரு தேனீ. தேன் கிண்ணத்துல குடிச்சிட்டிருக்கறப்ப வயித்தை வெட்டி விட்டாங்க, அது பாட்டுக்குக் குடிக்குது, பின்னாடி தேன் ஒழுகுது. அதனால தேனீக்குத் தேன் ‘தேனா’த் தெரியலையாம். இதுல உசத்தி தாழ்வு இல்லைன்னும் சொல்லிக்கிட்டாரு, ஆனா ‘வறுமை’ங்கற வார்த்தைய வச்சுக்கிட்டு அதை எப்படி நம்பறது? மேட்ச் பாத்துக்கிட்டே வயிறு நெறஞ்சது தெரியாம ஒரு பாக்கெட் சிப்ஸை நானும்தான் காலி பண்றேன், எனக்கு உலகம் கம்மின்னு யாராவது வகுப்பு எடுத்தாங்களா?

பின்பெஞ்ச்:
பாக்கெட் காலியானதும் ‘ச்சே, தின்னிருக்கக் கூடாது’ன்னு நெனப்பீங்கல்ல, வித்தியாசம் அங்க இருக்குன்னுவாரு :)

தேன்கூடு:
தேனீ என்ன நெனச்சுதுன்னு இவரு கேட்டாராமா?

மொட்டைமாடி:
சுத்தியல் புரிஞ்சுது, தேனீ தூக்கத்தைக் கெடுத்துருச்சு. 18ஆவது செக்‌ஷன் முடிச்சிட்டு வர்றேன், சண்டைய அப்படியே வச்சிருங்க.