வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்போது டிஃபெண்டரை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: விண்டோஸ் 11 மடிக்கணினியில் கட்டணம் செலுத்தி வேறொரு ஆன்டிவைரஸை நிறுவியுள்ளேன். அதுவும் விண்டோஸிலேயே உள்ள ஆன்டிவைரஸான டிஃபெண்டரும் ஒரே கோப்பைச் சோதித்து வேகத்தைக் குறைக்குமோ என்று அஞ்சி, டிஃபெண்டரை ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) வழியாக நிறுத்த எண்ணுகிறேன். இது சரியா?

மறுமொழி 1: வேண்டாம் ஐயா. புதிய மென்பொருள், விண்டோஸின் பாதுகாப்புச் செயலியான விண்டோஸ் செக்யூரிட்டியில் தன்னைப் பதிவு செய்துகொண்டதும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிவிடும். சந்தா முடிந்து அது செயலிழந்தால் மீண்டும் தானே காவலுக்கு வரும் என்பதால், அந்த வழியை ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அடைப்பது ஆபத்தானது. டிஃபெண்டரை நிறுத்தப் பழைய கட்டுரைகள் கூறும் 'டிஸேபிள்ஆன்டிஸ்பைவேர்' என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பையும் 2020 முதல் வீட்டுக் கணினிகளில் டிஃபெண்டர் பொருட்படுத்துவதில்லை.

மறுமொழி 2: விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, புதிய மென்பொருளின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் போதும்.

மறுமொழி 3: சேவையகக் கணினிகளுக்கான விண்டோஸ் சர்வரில் மட்டும் டிஃபெண்டர் தானாக ஒதுங்காது, அங்கே நிர்வாகியே அதை நீக்கவோ முடக்கவோ வேண்டும்.