‘நீதித்துறைப் பிரிவு’க்கு மாற்றுச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் சட்ட உதவி முகாம்களில் கொடுப்பதற்காகக் குடும்ப வழக்குச் சொற்களை விளக்கும் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. ஜீவனாம்சம், எதிர்மனுதாரர், ஒருதலைப்பட்சத் தீர்ப்பு எல்லாம் மக்கள் வாயில் புழங்கும் சொற்கள். அவற்றில் கை வைக்கத் தேவையில்லை. ‘ஜுடிஷியல் செபரேஷன்’ ஒன்றுதான் இடிக்கிறது. விவாகரத்து ஆகாமலே கணவன் மனைவி தனித்தனியே வாழ நீதிமன்றம் தரும் உரிமை அது.

‘நீதித்துறைப் பிரிவு’ என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது கோட்டையில் இருக்கும் ஏதோ ஓர் அலுவலகம் போலத் தோன்றும். ‘நீதிமுறைப் பிரிவு’ கொஞ்சம் தேவலை. ஆனால் சட்ட எண்ணையும் ‘பிரிவு’ என்றுதான் சொல்கிறோம். இந்துத் திருமணச் சட்டத்தில் இது 10-ஆம் பிரிவு. ‘பிரிவு 10-இன்படி நீதிமுறைப் பிரிவு’ என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

குழப்பம் படிப்பதோடு நிற்பதில்லை. ‘கோர்ட்டிலேயே பிரிச்சு விட்டுட்டாங்க’ என்று நினைத்து மறுமணம் செய்துகொண்டால் அந்தத் திருமணம் செல்லாது. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82-இன்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. இன்னொரு ஆபத்து, ஒருவர் விவாகரத்து கேட்டுத்தான் மனுப் போட்டிருப்பார். இந்துத் திருமணச் சட்டம் 13-ஏ-இன்படி நீதிபதி அதற்குப் பதிலாக இந்தத் தீர்ப்பாணையைக் கொடுக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது என்றே அவர் வீட்டுக்குப் போவார்.

10(2) சொல்வது, மனுதாரர் இனிமேல் எதிர்த்தரப்போடு சேர்ந்து வாழக் கடமைப்பட்டவர் அல்ல என்பதுதான். அதனால் ‘உடனுறைவு விலக்கு’ என்று வைக்கலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து

*

வணக்கம் ஐயா.

கடமை நீங்குகிறது என்று பிடித்தது மிகச் சரி. ஆனால் ‘விலக்கு’ வேண்டாம். ‘மணவிலக்கு’ என்றால் விவாகரத்து என்று ஆகிவிட்டது. எந்தக் குழப்பத்தைத் தவிர்க்கப் பார்க்கிறீர்களோ அதுவே பின்வாசல் வழியாக வந்துவிடும். ‘உடனுறைவு’ ஏட்டில் நன்றாக இருக்கும், கட்சிக்காரர் வாயில் வராது.

9-ஆம் பிரிவு மனுவை என்னவென்று சொல்கிறார்கள், பாருங்கள். தம்பு செட்டித் தெரு டைப்பிஸ்ட் முதல் கட்சிக்காரரின் அம்மா வரை எல்லாருக்கும் அது ‘சேர்ந்து வாழ மனு’. எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கிய சொல் அல்ல. அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பதுதான் 10-ஆம் பிரிவு. ஆகவே மனுவுக்குப் ‘பிரிந்து வாழ மனு’ என்றே வைப்போம்.

தீர்ப்பாணைக்கு ‘பிரிந்துவாழ் உரிமைத் தீர்ப்பாணை’ என்பது என் பரிந்துரை. ‘உரிமை’ கட்டாயம் வேண்டும். வெறும் ‘பிரிந்துவாழ் ஆணை’ என்றால், சேரக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது போல ஆகிவிடும். தம்பதி எப்போது வேண்டுமானாலும் சேரலாம். தீர்ப்பாணையை ரத்து செய்யக் கேட்டு எந்தத் தரப்பும் மனுப் போடலாம்.

துண்டறிக்கையில் சொல்லோடு இவையும் வரவேண்டும்.

காரணங்கள் விவாகரத்துக்கு உள்ளவையேதான், 1976 திருத்தத்திலிருந்து. ஆனால் திருமணமாகி ஓராண்டு ஆகாமல் விவாகரத்து மனுப் போட நீதிமன்ற அனுமதி வேண்டும். பிரிந்து வாழ மனுவுக்கு அந்தத் தடை இல்லை. கல்யாணமான நாலாம் மாதமே அடி தாங்க முடியாமல் வரும் பெண்ணுக்கு இது முக்கியமான செய்தி.

தீர்ப்பாணைக்குப் பிறகு ஓராண்டு சேராமலே இருந்தால், அதையே காரணமாக வைத்து விவாகரத்து கேட்கலாம்: 13(1ஏ). இருவரில் யாரும் கேட்கலாம், தோற்றவர் உட்பட. இதைப் பலர் கவனிப்பதில்லை. ‘நான்தானே ஜெயிச்சேன், அவர் எப்படிப் போட முடியும்’ என்று கேட்பார்கள். நடுவில் மறுபடி குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தால் அந்தக் காரணம் நிற்காது.

24, 25-இன்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி வாரிசுதான், திருமணம் முறியவில்லை அல்லவா. பிரிந்து வாழும் மனைவியை அவள் சம்மதமின்றி உடலுறவுக்கு உட்படுத்தினால் கணவருக்கு 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதா 67. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வழக்கறிஞர், பாரிமுனை

*

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

‘பிரிந்துவாழ் உரிமை’ நன்று. இரண்டு சேர்க்கை மட்டும்.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு பொருந்தும். காரணங்கள் மூன்றுதான்: பிறர்மனை உறவு, கொடுமை, இரண்டு ஆண்டு கைவிடல். திருச்சபை மணமுறிவை ஏற்காது என்று கத்தோலிக்கர் தயங்கும்போது, திருமணம் அப்படியே நிற்க, தனியே வாழ இது ஒரு வழி. ‘மண’ என்ற சொல்லே இல்லாத பெயர் அவர்களுக்குப் பொருத்தம். அதே மணமுறிவுச் சட்டம் 24-இன்படி தீர்ப்பாணைக்குப் பின் மனைவிக்கு வந்துசேரும் சொத்தை மணமாகாத பெண்ணைப் போலவே அவர் தன் விருப்பப்படி கையாளலாம்.

மண்ணடியில் கொடுக்கும்போது கவனம். 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்தில் இப்படியொரு தீர்ப்பாணை இல்லை. எந்தச் சட்டத்துக்கு இந்தச் சொல் என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கு 23-ஆம் பிரிவில் இது உண்டு.

*

நன்றி. ‘உடனுறைவு விலக்கு’ கைவிடப்பட்டது. துண்டறிக்கையில் போகும் பதிவு இது:

பிரிந்துவாழ் உரிமை (ஜுடிஷியல் செபரேஷன்): கணவன் மனைவி தனித்தனியே வாழ நீதிமன்றம் தரும் உரிமை. இது விவாகரத்து அல்ல. மறுமணம் செய்ய முடியாது. இதற்குப் போடுவது ‘பிரிந்து வாழ மனு’.

கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் வாங்கி, உத்தரவுப் பகுதியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்ன தேதியில் நடந்த திருமணம் கலைக்கப்படுகிறது என்ற சொற்கள் அதில் இல்லையென்றால் உங்களுக்கு விவாகரத்து ஆகவில்லை. மேல்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும், உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எழுத்துப்பிழை கண்டால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.