வேற நாட்டு கிறிஸ்மஸ் வழக்கத்துல நம்ம பங்குல செய்யக்கூடியது எது?

குளச்சல்_அலை:
எல்லாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கம் கடலோரத்துல ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்குல இளைஞர் இயக்கத்துல இருக்கேன். இந்த வருசம் ‘உலக நாடுகள்ல கிறிஸ்மஸ்’னு தலைப்பு வச்சிருக்கோம். பயலுவ நெட்ல தேடி ஜப்பான்ல கேஎஃப்சி சிக்கன் திங்காவ, ஆஸ்திரேலியாவுல பீச்சுல கொண்டாடுகாவன்னு போட்டோவா எடுத்து வச்சிருக்கானுவ, அதை ஃபிளெக்ஸ் அடிச்சு குடில் பக்கத்துல கட்டுனா வாறவிய பாத்துட்டுப் போவாவ, அத்தோட முடிஞ்சிரும். எனக்கு அது போதல. சனங்க சேந்து செய்யுத வழக்கமா ஒண்ணு வேணும். வெளிநாட்டுல வேலை பாக்குதவிய, கப்பல்ல போறவிய நேர்ல பாத்தது கேட்டது எதுனாலும் சொல்லுங்க. செலவு கொறைவா இருக்கணும், பங்குல இருக்க எல்லா அன்பியமும், அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து செபிக்குத குழு எல்லாம் சேரணும்.

முட்டம்_கப்பல்காரன்:
தம்பி, எனக்க கப்பல்ல பாதிப்பேரு பிலிப்பைன்ஸ்காரனுவ. செப்டம்பர் பொறந்தாலே அவனுவளுக்கு கிறிஸ்மஸ் பாட்டு ஓட ஆரம்பிச்சிரும். ஆனா அவனுவ ஊரை நெனச்சு ஏங்குதது டிசம்பர் 16ல இருந்து 24 வரைக்கும் நடக்குத ஒம்பது நாள் விடியக்காலப் பூசைக்குத்தான், பேரு சிம்பாங் காபி. ஸ்பெயின்காரன் ஆண்ட காலத்துலயே வந்தது, வயல் வேலைக்குப் போறவிய பூசை கண்டுட்டுப் போகட்டும்னு இருட்டோட வச்சாவளாம். பூசை முடிஞ்சு வெளிய வந்தா கோயில் வாசல்லயே சூடா பலகாரம். பிபிங்கான்னு ஒண்ணு, அரிசிமாவுல தேங்காப்பால் ஊத்தி, வாழையில விரிச்ச சட்டில வச்சு, கீழயும் மேலயும் கரி நெருப்பு போட்டு சுடுகது. இன்னொண்ணு புட்டு பும்போங், ஊதா கலர்ல, மூங்கில் குழல்ல அவிச்சு தேங்காத்துருவலும் சக்கரையும் போட்டுத் தருவாவ, பாத்தா நம்ம குழாப்புட்டு மாதிரியேதான் இருக்கும். பொறவு பாரோல்னு ஸ்டார், மூங்கில் கம்பும் கலர் பேப்பரும் வச்சு வீட்டுலயே கட்டுவாவ. கப்பல்ல மூங்கிலுக்கு எங்க போக, கம்பியை வளைச்சு சார்ட் பேப்பர் ஒட்டி மெஸ் ரூம்ல தொங்கவிட்டானுவ. நீங்க கடைல பிளாஸ்டிக் ஸ்டார் வாங்காம அன்பியத்துக்கு ஒண்ணு பிள்ளியளை வச்சு கட்டச் சொல்லுங்க.

கருங்கல்_நர்ஸ்அக்கா:
நான் ஜெர்மனில இருக்கேன் தம்பி. இங்க நாலு மெழுகுதிரி வச்ச வளையம் எல்லா வார்டுலயும் இருக்கும், வாரத்துக்கு ஒண்ணா ஏத்துவாங்க. 1839ல ஹாம்பர்க்ல வீகெர்ன்னு ஒரு போதகர் ஏழைப் பிள்ளைங்க விடுதில ஆரம்பிச்சது, பிள்ளைங்க கிறிஸ்மஸ் எப்பம் வரும்னு நாளை எண்ணுறதுக்காக, அப்பம் நாளுக்கு ஒரு திரி இருந்துச்சு. அது நம்ம கோயில்லயும் இப்பம் வந்தாச்சு. ஆனா எனக்கு மனசுல ஒட்டுனது எனக்க கூட வேலை பாக்குத போலந்து அக்கா சொன்னது. 24ஆம் தேதி சாயங்காலம் மேசைல கொஞ்சம் வைக்கோல் பரத்தி அதுக்கு மேல வெள்ளைத்துணி விரிப்பாங்க. வானத்துல மொதல் நட்சத்திரம் தெரிஞ்சாதான் சாப்பாடு, பிள்ளைங்க ஜன்னல்லயே நிப்பாங்களாம். இறைச்சி கிடையாது, மீனும் மத்ததுமா பன்னெண்டு வகை. சாப்பிடுறதுக்கு முன்ன ஆளாளுக்கு ஒரு அப்பம் கைல வச்சிருப்பாங்க, பேப்பர் கனத்துல, மேல குடில் படம் அச்சடிச்சிருக்கும், நற்கருணை இல்ல இது. ஒருத்தர் அப்பத்துல இன்னொருத்தர் கொஞ்சம் ஒடிச்சு வாய்ல போட்டுட்டு வாழ்த்து சொல்லணும், பேசாம இருக்கவங்களும் அன்னைக்கு பேசியாகணும். மேசைல ஒரு தட்டு அதிகமா வைப்பாங்க, யாராவது வழிப்போக்கன் கதவைத் தட்டுனா அவனுக்கு. செத்துப்போனவங்களை நெனச்சு வைக்கிறதுன்னும் சொல்லுவாங்க. 2017ல ஒக்கி புயல்ல கடலுக்குப் போய் திரும்பாதவங்க வீடு உங்க பக்கம் எத்தனை இருக்கும், அந்த வீட்டாரை முன்ன உக்கார வச்சு இந்தத் தட்டை வைங்களேன். எனக்கு இதுதான் சொல்லணும்னு தோணிச்சு.

மார்த்தாண்டம்_பெரியவர்:
மக்களே, எல்லாம் நல்லதுதான், ஆனா பக்கத்துல இருக்கதையும் பாருங்க. குவைத்ல எனக்க கூட இருந்த எத்தியோப்பியாக்காரங்க சனவரி 7க்குத்தான் கிறிஸ்மஸ் கொண்டாடுவாவ, அதுக்கு முன்ன 43 நாள் இறைச்சி, பால், முட்டை ஒண்ணும் தொடமாட்டாவ. இங்க மலங்கரை சபைக்காரங்களும் டிசம்பர் 1ல இருந்தே 25 நோன்பு பிடிக்காவ, உங்க பங்குல எத்தனை பேருக்கு அது தெரியும்? பொறவு இந்த குடில் போட்டி. மலை, அருவி, மோட்டார், லைட்டுன்னு லட்சக்கணக்குல போகுது. 1223ல இத்தாலில கிரேச்சியோங்கிற ஊருல பிரான்சிஸ் அசிசியார் செஞ்சது வைக்கோல் போட்ட தீவனத்தொட்டி, உயிரோட ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். சனங்க தீவட்டியும் திரியும் பிடிச்சுகிட்டு வந்தாவ. அதைத்தான் நீங்க செய்யணும்.

குளச்சல்_அலை:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா, பெரியப்பா. அக்கா சொன்ன தட்டு விஷயம் வாசிச்சப்பம் கண்ணு கலங்கிட்டு, ஒக்கில ஆள் போன வீடு எங்க தெருவுலயே உண்டு, அவியகிட்ட மொதல்ல கேட்டு அவிய சரின்னு சொன்னா மட்டும் செய்வோம். விடியக்காலப் பூசைதான் யோசனையா இருக்கு, அந்த நேரம்தான் வள்ளம் கரை சேரும், ஆம்பளையள் வரமாட்டாவ. சாயங்காலம் செய்யுத மாதிரி ஒம்பது நாள் வழக்கம் வேற எங்கயாவது உண்டா?

அருட்சகோதரி_ரோமை:
உண்டு தம்பி. ரோம்ல என்கூட படிச்ச மெக்சிகோ சிஸ்டர்கள் எங்களை வச்சே இதை செஞ்சாங்க, பேரு போசாதாஸ். அதே டிசம்பர் 16ல இருந்து 24 வரைக்கும்தான், 16ஆம் நூற்றாண்டு கடைசில அகுஸ்தீனார் சபை துறவிகள் தொடங்கினது. பொழுது சாஞ்சதும் பிள்ளைங்க மாதா, சூசையப்பர் சுரூபத்தை தூக்கிட்டு ஒரு வீட்டு வாசல்ல நிப்பாங்க. வெளிய நிக்கிறவங்க இடம் தாங்கன்னு பாடணும், உள்ள இருக்கிறவங்க இடமில்ல, போங்கன்னு பாடணும். அடுத்த வீட்டுலயும் இதேதான். கடைசி வீட்டுல வந்திருக்கிறது யாருன்னு தெரிஞ்சு கதவைத் திறப்பாங்க, எல்லாரும் உள்ள போய் செபம், சாப்பாடு, அப்புறம் ஏழு கொம்பு வச்ச பானையை பிள்ளைங்க கண்ணைக் கட்டிட்டு அடிச்சு உடைக்கணும், ஏழு தலையான பாவங்களை உடைக்கிறதா அர்த்தம், உள்ள இருந்து மிட்டாய் கொட்டும். உங்களுக்கு ஒம்பது அன்பியம் இருந்தா நாளைக்கு ஒண்ணு, கம்மின்னா ரெண்டு தெருவை சேத்துக்கோங்க. கேரல் ரவுண்ட்ஸ்ல எப்படியும் வீடு வீடா போறீங்க, அதையே இப்படி மாத்தலாம், காணிக்கைப் பெட்டியை மட்டும் அந்த ஒம்பது நாளும் எடுக்காதீங்க. பாட்டுக்கு மெட்டு உங்க பாடற்குழு போடட்டும். கதவைத் திறக்கிற கடைசி வீடு யாருங்கிறதை முன்னாடியே பேசி வைங்க, பெரிய வீடா பாக்காம, யாரும் அதிகம் போகாத வீடா பாருங்க, கட்டங்காப்பியும் முந்திரிக்கொத்தும் அன்பியத்துல இருந்து கொண்டுபோய்க் குடுத்துடுங்க, அவங்களுக்கு செலவு வைக்காதீங்க.

குளச்சல்_அலை:
சிஸ்டர், இதுதான் நாங்க தேடுனது. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்குப் பொறவு பங்குப்பேரவைல பேசுகோம். ஃபிளெக்ஸ் காசை நிறுத்தி மூங்கிலும் கலர் பேப்பரும் வாங்கச் சொல்லியாச்சு.